துவைக்கிற கல்லு

எங்க ஊர் வீட்டுக்குப் பின்னாடி, வாழைக்குத் தண்ணி போற வாய்க்கா ஓரமா ஒரு தொவைக்கிற கல்லு கெடக்கு. அஞ்சடி நீளம், மூணடிக்குக் கொஞ்சம் கம்மியா அகலம், கனம் ஒரு அரை சாண் இருக்கும். எங்க தெருவுல மத்த வீட்டுலல்லாம் சிமெண்ட்ல கட்டி மேல கோடு கோடா இழுத்து விட்டது தான், எங்களுது மட்டும் ஒத்தக்கல்லு, அதனால சின்ன வயசுல எனக்கு அதுல ஒரு பெருமையே உண்டு. யூனிஃபார்ம் தொவைக்கக் கத்துக்கிட்டது அதுல தான், அப்பத்தா பக்கத்துல நின்னுக்கிட்டு காலரைத் தேயி காலரைத் தேயின்னு கத்திக்கிட்டே இருக்கும். மழைக்காலத்துல பாசி புடிச்சு வழுக்கும், எங்க அண்ணனுக்கு முன்பல்லு பாதி இல்லாததுக்கும் அந்தக் கல்லு தான் காரணம்.

அது ஒரு சமாதியோட சுவருன்னு எனக்குத் தெரியறப்ப வயசு முப்பத்தெட்டு.

ஊர் பேரு சொல்லப் போறதில்ல, கோவிச்சுக்காதீங்க, காரணம் கீழ வரும். வத்தலக்குண்டுல பஸ் ஏறி சித்தரேவு தாண்டி மலை ஏறுனா தடியன்குடிசை, அப்புறம் தாண்டிக்குடி, அந்தப் பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க. கீழ்ப்பழனி மலை. கொடைக்கானல்னா எல்லாரும் ஏரி, சைக்கிள், சாக்லேட்னு நெனைப்பாங்க, எங்க பக்கம் அதெல்லாம் கெடையாது, காபி, மிளகு, மலைவாழை, நெழலுக்கு சில்வர் ஓக், ராத்திரி ஆனா காட்டுமாடு. முருகன் எங்க ஊர்ப் பக்கம் இருந்து தான் பழனிக்குத் தாண்டிக் குதிச்சாரு, அதனால தான் தாண்டிக்குடின்னு பேருன்னு சொல்லுவாங்க.

எங்க தோட்டத்துக்கு மேல, காபி முடியிற எடத்துல, வெறும் பாறையா ஒரு முகடு நீளும். அந்த முகட்டோட நுனியில ஒரு கல்லுமேடு இருக்கு. ஊர்ல பேரே கல்லுமேடு தான். சின்னதும் பெருசுமா கல்லைக் கொட்டிக் குவிச்ச மாதிரி ஒரு மேடு, இருபது இருபத்தஞ்சடி அகலம் வரும், அதுக்கு நடுவுல பலகை மாதிரி கல்லுங்களை நிமுத்தி வெச்சு மேல ஒரு மூடு கல்லு போட்ட அறைங்க மூணு. மேடு பூரா உண்ணிச்செடி. கீழ ஒரு பொந்துல முள்ளம்பன்னி குடியிருந்துச்சு, அதோட முள்ளைப் பொறுக்கி நாங்க பேனா மாதிரி வெச்சுக்குவோம். அறைக்குள்ள ஒரு ஆள் படுக்கலாம், எந்திரிச்சு நிக்க முடியாது. மத்தியான வெயில்ல உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும், நானும் என் கூட்டாளிகளும் அங்க தான் சோறாக்கி விளையாடுவோம். மூடு கல்லு நல்லா சூடு ஏறும்ங்கறதால அப்பா அதுல மிளகு காயப் போட்டதும் உண்டு. இதையெல்லாம் இப்ப எழுதுறப்ப கை கூசுது, ஆனா நடந்தது அது தான்.

அப்பத்தா மட்டும் செவ்வாய் வெள்ளி அங்க போக விடாது. அது குள்ளர் வீடுன்னு சொல்லும். ஒரு காலத்துல முழங்கால் உசரத்துக்குக் குள்ளனுங்க இருந்தாங்களாம், உருவம் தான் சின்னது, பலம் யானைப் பலம், நெருப்பு மழை பெய்யப் போகுதுன்னு தெரிஞ்சு கல்லுலயே வீடு கட்டி உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். அப்புறம் என்ன ஆச்சு அப்பத்தான்னா, நெருப்பு மழை பெஞ்சுச்சு, வெந்து போனாங்க, தூங்கு. அவ்வளவு தான் கதை. தமிழ்நாட்டுல பல ஊர்ல இதே கதை இருக்கு, சில எடத்துல வாலியர் வீடும்பாங்க, சில எடத்துல பாண்டவர் வீடு, பாண்டவர் குழி. நான் கேட்ட வரைக்கும் அது செத்தவங்களுக்குக் கட்டுனதுன்னு கதையில வராது, பெரும்பாலும் வீடுன்னு தான் வரும், கவனிச்சீங்களா.

சரி, கல்லுக்கு வர்றேன். என் பையன் சோசியல் புக்குல பெருங்கற்காலம்னு ஒரு பாடம், கற்திட்டை படம் ஒண்ணு போட்டிருந்தாங்க, அதாவது பெரிய பலகைக் கல்லுங்களை நிறுத்தி மேல மூடி அந்தக் காலத்துல கட்டுன சமாதி. பரீட்சைக்கு அவனுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கேன், அவன் படத்தைக் காட்டி, அம்மா இது நம்ம கல்லுமேடு தானேங்கறான். நான் அப்ப தான் படத்தையே ஒழுங்கா பாக்கறேன். அந்த ராத்திரி ஒக்காந்து தேட ஆரம்பிச்சது, விடிய மூணு மணி ஆயிடுச்சு, காலையில ஆபீஸ்ல தூங்கி வழிஞ்சேன்.

எங்க மலையில இருக்கிற இந்தக் கல்லு வீடுங்களைப் பத்தி ஆங்லேட், நியூட்டன்னு ரெண்டு பாதிரியாருங்க மலை மலையா ஏறி எறங்கி அளந்து, படம் வரைஞ்சு எழுதி வெச்சிருக்காங்க. 1928ல இந்தியத் தொல்லியல் துறை அதைத் தனி வெளியீடாவே போட்டிருக்கு. கொடைக்கானல் பக்கத்துல, அவங்கள மாதிரி பாதிரியாருங்க வெச்ச செண்பகனூர் மியூசியத்துக்கு ஏழாவது படிக்கறப்ப ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போனாங்க, அங்க பாடம் பண்ணி வெச்ச பாம்பையும் பட்டாம்பூச்சியையும் தான் நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு பாத்தோம். பழைய பானை ஓடெல்லாம் ஒரு பக்கம் இருந்தது, யாருக்கு வேணும் பானை, ஓடி வந்துட்டோம்.

படிக்கப் படிக்க எனக்கு ரொம்பப் புடிச்சுப் போனது அந்த அறையைக் கட்டியிருக்கிற விதம். சுண்ணாம்பு கெடையாது, மண்ணு கொழைச்சு ஒட்டலை. நாலு பக்கமும் நாலு பலகைக் கல்லு, ஒவ்வொரு கல்லோட ஒரு முனையும் அடுத்த கல்லைத் தாண்டி கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், மேல இருந்து பாத்தா ஸ்வஸ்திக் மாதிரி. வெளிய குவிச்ச கல்லும் மண்ணும் சுவரை உள்ள தள்ளுதுல்ல, தள்ளத் தள்ள ஒண்ணு இன்னொண்ணு மேல சாஞ்சு இறுகிக்கும், விழாது. குவிச்சது பாரம் இல்ல, பூட்டு. எங்க மலைப் பாறை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியும், அதனால பலகை வேணும்னா அங்கயே நெருப்பு மூட்டித் தண்ணி ஊத்தி, ஆப்பு அடிச்சுப் பேத்துக்கலாம். பாறை முகட்டுலயே கட்டுனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நெனைக்கிறேன், வெள்ளாமை வைக்கிற நெலத்தையும் கெடுக்கலை பாருங்க. செத்த ஒடனே ஒடம்பை உள்ள வெக்கறதும் இல்லையாம், பெரும்பாலும் வேற எடத்துல போட்டு வெச்சிருந்து, அப்புறம் எலும்பை மட்டும் பொறுக்கிட்டு வந்து, பானை, இரும்பு, மணியெல்லாம் கூட வெச்சு மூடியிருக்காங்க.

இதெல்லாம் மண்டையில ஓடிக்கிட்டு இருக்கறப்பவே மே மாச லீவுக்கு ஊருக்குப் போனோம். மொத நாளே பையனைக் கூட்டிட்டு கல்லுமேட்டுக்கு ஏறுனேன். நடு அறை நல்லா இருக்கு. தெக்கால அறையும் பரவால்ல. வடக்கால இருக்கே, அது தான் நாங்க சோறாக்கி விளையாடுனது, அதுல சுவரு மூணு தான் நிக்குது, கெழக்குப் பக்கம் கல்லே இல்ல, அது வழியா தான் நாங்க உள்ள போவோம் வருவோம். சின்ன வயசுல அது வாசல்னு நெனைச்சிருந்தேன். நீள சுவரு ரெண்டுல ஒண்ணு உள்பக்கமா சாஞ்சு, மூடு கல்லு ஒரு பக்கமா எறங்கிக் கெடக்கு.

மத்த ரெண்டு அறையிலயும் கெழக்கால கல்லு இருக்கு. இதுல மட்டும் இல்ல.

பையன் கையில ஒண்ணும் இல்லாம நிக்கிறான், எனக்கு என்ன தோணுச்சோ, கீழ எறங்கி ஒரு வாழை நார் கிழிச்சுட்டு வந்து அந்த எடைவெளியை அளந்து முடிச்சுப் போட்டேன், உசரத்துக்கு இன்னொரு முடிச்சு. வீட்டுக்கு வந்து நேரா பின்னாடி போயி தொவைக்கிற கல்லு மேல நாரை விரிச்சேன். அம்மா மாப்புத் துணி அலசிக்கிட்டு இருந்தாங்க, என்னடி பண்றன்னாங்க. உசரம் கிட்டத்தட்ட சரியா வந்துச்சு. நீளத்துல மட்டும் கல்லு நாலு விரக்கடை அதிகம். சரி இல்ல போலன்னு ஒரு நிமிஷம் நிம்மதியாக் கூட இருந்துச்சு, அப்புறம் தான் ஒறைச்சுது, ஒரு முனை அடுத்த கல்லைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கணுமே, அந்த நாலு விரக்கடை அது தான். குனிஞ்சு பாத்தா கல்லோட ஒரு ஓரம் மட்டும் கொத்திக் கொத்திச் சீராக்கியிருக்கு, மத்த ஓரமெல்லாம் உரிஞ்சபடியே கெடக்கு. இத்தனை வருஷமா சோப்பு நுரை வழிஞ்ச ஓரம், ஒரு நாள் கூட கண்ணுல பட்டதில்ல.

அப்பாகிட்ட கேட்டேன். அவரு கொஞ்சமும் அசரலை. "ஆமா பாப்பா, தாத்தா கொண்டு வந்தது தான், நான் சின்னப் பையன், கூடவே ஓடி வந்தேன்"னாரு. வீடு கட்டுனப்ப வாசப்படிக்குக் கல்லு தேடியிருக்காரு தாத்தா, கொண்டு வந்தப்புறம் பாத்தா வாசலை விடப் பெருசு, அதனால பின்னாடி போட்டுட்டாங்க. நானூறு கிலோ கிட்ட வரும், அதை எப்படி எறக்குனீங்கன்னா, மரக்கட்டையைக் கீழ போட்டு உருட்டி உருட்டி, முன்னாடி வடம், பின்னாடி வடம், பத்து ஆளு, ஒரு பகல் பூரா, சாயங்காலம் எல்லாருக்கும் கறிச்சோறு. சொல்லிட்டு அப்பா கையால காத்துல உருட்டிக் காட்டுனாரு. எனக்கு சிரிப்பா அழுகையான்னு தெரியலை, அந்தக் கல்லை மொதல்ல மேல கொண்டு போய் நிறுத்துனவங்களும் இப்படித்தானே கட்டை போட்டு உருட்டியிருப்பாங்க, அவங்களுக்கும் சாயங்காலம் யாரோ சோறு போட்டிருப்பாங்க.

தாத்தா ஒரு கல்லை உருவுனதுல பூட்டு கழண்டு போச்சு, அது தான் அந்தச் சுவரு சாஞ்சதுக்கும் மூடு கல்லு எறங்குனதுக்கும் காரணம். நெருப்பு மழை இல்ல, குள்ளரு இல்ல, எங்க தாத்தா.

ஆனா பெரிய நாசம் பண்ணுனது தாத்தா இல்ல, அதையும் சொல்லிடறேன். நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப ஒரு அமாவாசை ராத்திரி யாரோ கடப்பாரையோட வந்து மூணு அறையையும் தோண்டிட்டுப் போயிட்டாங்க. புதையல். உள்ள தங்கம் இருக்குன்னு எவனோ எவன்கிட்டயோ சொல்லியிருக்கான். ஊர் பேரு சொல்ல மாட்டேன்னது இதுக்குத் தான். காலையில போய் பாத்தா சுத்தி மண்ணு, எலுமிச்சம்பழம், ஒடைஞ்ச ஓடுங்க. ஒரு ஓடு நான் எடுத்துப் பாத்தேன், வெளிய செவப்பு, உள்ள கரிக் கறுப்பு, வழுவழுன்னு. அப்பத்தா, சோறு அடிபுடிச்ச சட்டி போலன்னுச்சு. அது கறுப்பு சிவப்புப் பானை, சூளையில கவுத்து வெச்சு சுடுவாங்க, உள்ள காத்து போகாம கறுப்பாவும் வெளிய செவப்பாவும் வரும், இதுவும் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது தான். அந்த ஓட்டைத் திரும்ப அங்கயே போட்டுட்டு வந்தேன், அந்த வயசுல நான் பண்ணுன ஒரே நல்ல காரியம்.

புதையல் எடுக்க வந்தவனுக்கு என்ன கெடைச்சிருக்கும்? ஒண்ணும் கெடைச்சிருக்காது. ஆனா என்ன போச்சுங்கறதை பொருந்தல் பத்திப் படிச்சப்ப தான் நான் புரிஞ்சுக்கிட்டேன். பழனிக்குத் தென்மேக்கால, மலை அடிவாரத்துல இருக்கற ஊரு பொருந்தல். பேராசிரியர் கா. ராஜன் தலைமையில புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரங்க அங்க 2009லயும் 2010லயும் தோண்டுனாங்க, தாண்டிக்குடியிலயும் அவரு அதுக்கு முன்னாடியே தோண்டியிருக்காரு. பொருந்தல்ல ஒரு ஈமக்குழியில நாலு கால் வெச்ச ஜாடி ஒண்ணு, அதுக்குள்ள ரெண்டு கிலோ நெல்லு. நெல்லு! செத்தவங்களுக்குக் கட்டுச்சோறு மாதிரி. பக்கத்துலயே ஒரு பிரிமனை, அதான் பானையைத் தாங்கற வளையம், அதுல "வ-ய்-ர"ன்னு தமிழி எழுத்து, தமிழை அந்தக் காலத்துல எழுதுன எழுத்து. அந்த நெல்லை அமெரிக்காவுல லேப்ல குடுத்துப் பாத்தா கி.மு. 490ன்னு வந்துச்சு. அது அசோகருக்கும் முந்தின காலம், அசோகர் காலத்துக்கு அப்புறம் தான் நம்ம ஊருக்கு எழுத்து வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்களுக்கு அந்த ரெண்டு கிலோ நெல்லு பெரிய கேள்வியா போச்சு.

யோசிச்சுப் பாருங்க, அந்த நெல்லும் பிரிமனையும் ஒரே குழியில அசையாம இருந்ததால தானே அந்த நெல்லோட வயசை அந்த எழுத்துக்கும் சொல்ல முடிஞ்சுது. நெல்லு தனியா பிரிமனை தனியா சந்தையில கெடைச்சிருந்தா அது வெறும் நெல்லு, வெறும் பிரிமனை. எங்க கல்லுமேட்டுல ஒரு சட்டி நெல்லு இருந்துச்சோ என்னவோ, இருந்திருந்தா அந்த ராத்திரி கடப்பாரை பட்டு மண்ணோட மண்ணா கலந்து, அடுத்த மழையில வாய்க்காலுக்குப் போயிருக்கும். அந்த வாய்க்கா தான் எங்க வாழைக்குத் தண்ணி.

இதுக்கு எல்லாம் அப்புறம் தான் போர்டு வந்துச்சு, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், சேதப்படுத்துனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும்னு. காலியானப்புறம் பூட்டுப் போட்ட மாதிரின்னு ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க. கிண்டல் மட்டும் இல்ல, கோவமும் உண்டு. பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கற 1958 சட்டத்துல 2010ல திருத்தம் வந்ததுல இருந்து நூறு மீட்டருக்குள்ள எதுவுமே கட்டக்கூடாது, அதுக்கு மேல இருநூறு மீட்டருக்குப் பர்மிஷன் வாங்கணும். எங்க பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா காபி காயப் போட ஒரு சிமெண்ட் களம் போடலாம்னு ஜல்லி எறக்கிட்டாரு, அளந்து பாத்தா எண்பது மீட்டர்ல வருது. ஜல்லி இன்னும் அங்கயே தான் கெடக்கு, காபி தார்ப்பாய்ல காயுது. செத்துப் போனவனுக்கு நூறு மீட்டர், உசுரோட இருக்கறவனுக்கு ஒண்ணும் இல்லையாங்கறாரு, அவரு கேக்கறதுலயும் ஞாயம் இருக்கு, ஆனா அந்தக் களம் வந்திருந்தா அடுத்து ஒரு ஷெட்டு வந்திருக்கும், அப்புறம் ரெண்டு ரூம் கட்டி டூரிஸ்ட்டுக்கு விட்டிருப்பாங்க, மலை பூரா அது தானே நடக்குது. நான் சட்டத்து பக்கம் தான், சித்தப்பாகிட்ட சொல்லலை.

எங்க கல்லுக்கு என்ன வழி? நான் போன லீவு பூரா இதே புலம்பல். திரும்ப மேல கொண்டு போய் வெச்சுடலாம்ப்பா, இப்ப ஜேசிபி இருக்கு, ஒரு மணி நேர வேலைன்னேன். அப்பா, ஜேசிபி மேல ஏறுனா மத்த கல்லையும் ஒடைச்சுடும்னாரு, சரி தான். கடைசில மேட்டைப் பாக்க வந்த ஒரு அதிகாரிகிட்ட அப்பாவே போய் சொல்லிட்டாரு, சார் உங்க கல்லு ஒண்ணு எங்க வீட்டுல இருக்குன்னு. அந்தத் தம்பி சின்ன வயசு, நல்ல மாதிரி. நான் பயந்துட்டேன், கேஸ் போட்டா என்ன பண்றது, தாத்தா செத்து முப்பது வருஷம் ஆச்சு. அவரு வீட்டுக்கு வந்து, சோப்பு டப்பாவை நகட்டி வெச்சுட்டு, கல்லு மேல கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட ஸ்கேல் வெச்சு நாலு பக்கமும் போட்டோ எடுத்தாரு, அளந்து நோட்டுல எழுதிக்கிட்டாரு. "தயவுசெஞ்சு நீங்களா கொண்டு போய் வெச்சுடாதீங்கய்யா, எது பழைய நெலமை எது நாம வெச்சதுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியாமப் போயிடும், இருக்கற எடத்துலயே இருக்கட்டும், ஒடைக்காம பாத்துக்கோங்க"ன்னாரு. தொவைக்கலாமான்னு அம்மா கேட்டாங்க. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு, பதில் சொல்லலை, காபி குடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு.

அப்புறம் யாரும் வரலை. அம்மாவுக்கு இப்ப வாஷிங் மெஷின் இருக்கு, ஆனா மிதியடியும் போர்வையும் மெஷின்ல போட்டா நாசமாயிடும்னு அந்தக் கல்லுல தான் அடிக்கிறாங்க. செருப்பு மட்டும் அது மேல வெக்க விடறதில்ல. என் பையன் ஸ்கூல்ல போய் எங்க வீட்டுல ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு இருக்குன்னு சொல்லி, மிஸ் நம்பலையாம், போட்டோ கேக்கறாங்களாம், போட்டோவுல அம்மாவோட நைட்டி காயுது, எப்படி அனுப்பறது.

போன வாரம் அப்பா போன் பண்ணாரு. பின்னாடி புதுசா பைப் லைன் இழுக்கறாங்க, ப்ளம்பர் வந்து கல்லை ஒரு அடி தள்ளிப் போட்டா பைப் நேரா போயிடும்னிருக்கான். அப்பா முடியாதுன்னுட்டாரு. கல்லைச் சுத்தி பைப்பை வளைச்சுக் கொண்டு போகச் சொல்லியிருக்காரு, எல்போ ரெண்டு எக்ஸ்ட்ரா ஆச்சாம், கூலி முன்னூறு ரூபா அதிகம் கேட்டானாம், அதுக்குத் தான் போன், ஜிபேல போட்டு விடு பாப்பான்னு.